பங்காளி வீட்டு ஆட்சேபணை

நன்னடத்தை அலுவலர் விஜயலட்சுமி வடக்கனந்தலுக்கு வந்தது ஒரே ஒரு பதிலுக்காக. ஆயுள் கைதி ராஜாங்கத்தை முன்கூட்டியே விடுதலை செய்வதில், கொலையுண்டவரின் குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா, இல்லையா?

கொலையுண்ட பொன்னுரங்கம் ராஜாங்கத்தின் சொந்தத் தம்பி. பத்தொன்பது வருடங்களுக்கு முன், இருவருக்கும் பொதுவான கரும்புக்கு சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு அண்ணன் பெயரில் வந்தது. தம்பியிடம் சொல்லாமலே அண்ணன் ஆள் விட்டு வெட்டினார். வயலிலேயே தகராறு. கரும்பு வெட்டும் கத்தி அண்ணன் கையில் இருந்தது.

தம்பியின் மனைவி அமிர்தம் இதற்கு முன் இரண்டு முறை 'உண்டு' என்று சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் மனு தள்ளுபடியானது. இது மூன்றாவது மனு. ராஜாங்கத்துக்கு இப்போது அறுபத்தாறு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது. இந்த முறையும் தள்ளுபடியானால் அவர் உயிரோடு வெளியே வருவது சந்தேகம் என்று சிறை மருத்துவர் எழுதியிருந்தார்.

விஜயலட்சுமி அதைப் படித்துக் காட்டினாள். அமிர்தம் மக்காச்சோளம் உதிர்த்தபடியே கேட்டாள்.

"உள்ளயே சாவட்டும் மேடம்," என்றான் மகன் தமிழழகன். அப்பா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. "ஆயுள்னா ஆயுள்தான? அப்புறம் இன்னாத்துக்கு வூட்டுக்கு வூடு கேட்டுக்கினு இருக்கீங்க?"

"கேக்கணும்னு விதி தம்பி. முடிவு அரசாங்கம் எடுக்கும்."

அந்த நேரத்தில் கண்ணகி உள்ளே வந்தாள். ராஜாங்கத்தின் ஒரே பிள்ளை. மலைமேல் கரியாலூரில் புருஷனோடு டிபன் கடை வைத்திருப்பவள். அதிகாரி வரும் சேதி கேட்டு முதல் பஸ்ஸில் மலை இறங்கியிருந்தாள். கொலைக்குப் பிறகு இரு குடும்பத்துக்கும் நல்லது கெட்டது கிடையாது. அவள் பின்னாலேயே வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுப் பங்காளி சின்னராசுவும் வந்தார்.

"இன்னா அமிர்தம், கோர்ட்டு இன்னிக்கு உன் வூட்லயா?"

"ஆமா, பேரு கூப்புடற டவாலிதான் கொறச்சலா இருந்துச்சு. வந்துட்டீங்க இல்ல, உக்காருங்க."

கண்ணகி உட்காரவில்லை. "சித்தி, அப்பாவ நான் கரியாலூருக்குக் கூட்டிக்கினு பூடறேன். இந்த ஊரு எல்லையக்கூட மிதிக்க மாட்டாரு. எழுதியே தரேன்."

"உள்ள செத்தா?" என்று கேட்டாள் அமிர்தம்.

கண்ணகி வாயைத் திறப்பதற்குள் சின்னராசு சொன்னார்: "இங்கதான் வரணும். பொண்ணக் குடுத்த வூட்ல இருந்து அப்பன் பொணத்த எடுப்பாங்களா? ஆம்பளப் புள்ளயும் இல்ல. பங்காளியில கிட்டத்து ஆளு நம்ம தமிழழகன். கொள்ளி அவன்துதான்."

"எங்கப்பன வெட்டுனவருக்கு நானா?" தமிழழகன் எழுந்துவிட்டான். "ம்மா, ஆட்சேபணை இல்லன்னு போட்டு அனுப்பு. உசுரோட மலை ஏறிப் போவட்டும். பொணமா இங்க வர வேணாம்."

கண்ணகி நிமிர்ந்து பார்த்தாள். விஜயலட்சுமி பேனாவைத் திறந்தாள்.

அமிர்தம் மடியிலிருந்த சோளச் சக்கையைத் தட்டிவிட்டாள். "உண்டுன்னே எழுதுங்க மேடம்."

"யோசிச்சு சொல்லுங்கம்மா."

"மூணு தபாவும் யோசிச்சுதான் சொன்னேன்." மகன் பக்கம் திரும்பினாள். "பொணம் வந்தா நம்ம வாசல்லதான் எறக்கணும். நீ மொட்ட போட்டுக்கினு கொள்ளி வெப்ப. கருமாதியும் செய்வ. அது முறை, அதுல நான் குறுக்க நிக்க மாட்டேன். வெளிய வுடச் சொல்றது என் இஷ்டம். அது முடியாது."

"உசுரோட வேணாம், பொணமா வந்தா வேணுமா சித்தி உனக்கு?"

"ஆமாண்டி. அன்னிக்கு அஞ்சு வயசுப் புள்ள கையில கொள்ளியக் குடுத்தாங்க. அவனத் தூக்கிப் புடிக்க வேண்டியது பெரியப்பன். உங்கப்பன் ஜெயில்ல. எவனோ தூக்கிப் புடிச்சான். முறை தவறுனது அன்னிக்கோட போதும்."

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டார். விஜயலட்சுமி எழுதி, ஒரு தரம் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கண்ணகிக்கு ஒரு மணி பஸ். வாசல் வரை போனவள் நின்றாள்.

"ஜெயில்ல இருந்து எனக்குத்தான் தகவல் வரும். இங்க யாருக்குச் சொல்றது?"

"அவன் நம்பர வாங்கிக்கோ," என்றாள் அமிர்தம்.

தமிழழகன் சுவரைப் பார்த்தபடி பத்து எண்களையும் ஒரே மூச்சில் கொட்டினான். கண்ணகிக்குப் பாதிதான் பிடிபட்டது.

"மெதுவா சொல்லுடா."

அவன் முதலிலிருந்து சொன்னான்.