வெங்காயத்தின் வியர்வை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இப்போதே வெந்து போகட்டும். பல் எல்லாம் போன வாயில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதைப் பணயம் வைத்துச் சொல்கிறேன்.

எனக்கு அண்ணன்கள் இருவர். அப்பா போனபின் நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். புத்தி சொல்லும் உரிமையை மட்டும் எனக்கு விட்டுவைத்தார்கள். இருவரும் போட்டது தக்காளி. நடுவில் வரப்பு. அதை ஒட்டித் தன் பக்கம் பெரியண்ணன் சமையலுக்கென்று ஒரு வரிசை வெங்காயம் வைத்திருந்தார்.

சின்னண்ணன் தக்காளியில் வாடல் நோய் விழுந்தது. மண்ணிலிருக்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்டை அடைத்துவிடும். காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். போன வருஷமும் இதே கதைதான். இந்த வருஷமும் போனால் நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக் கிடங்கில் வாட்ச்மேனாகப் போவதென்று முடிவாகியிருந்தது.

பரிசோதனைக் கூடத்திலிருந்து மண் டாக்டரம்மா வந்தார். சின்னண்ணன் பக்கம் வரப்போரம் இரண்டு வரிசைத் தக்காளி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு வேரை முகர்ந்தார்.

"அந்தப் பக்கத்து வெங்காயம் வேர்லேர்ந்து ஒரு சாறு கசியவிடுதுங்க. பூஞ்சைக்கு அது ஆகாது. அது பட்டதும் தக்காளி வேரும் உஷாராகி, தன் பங்குக்குக் கசியவிட்டு, நல்ல பாக்டீரியாவைக் காவலுக்குக் கூப்பிட்டுக்குது. மிச்சச் செடிக்கும் நடுநடுவே வெங்காய நாத்தை வைங்க. பாதியாவது தப்பும்."

நான் மண்ணில் காதை வைத்துக் கேட்டேன். பூஞ்சைகள் மூட்டைமுடிச்சு கட்டும் சத்தம் கேட்டது. கிழட்டுப் பூஞ்சை ஒன்று வாடை தாங்காமல் தும்மியது.

சின்னண்ணன் நேரே பெரியண்ணன் வீட்டுக்குப் போனார். பெரியண்ணன் நாற்காலியில் சாய்ந்து சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, சந்தையில இப்ப நாத்து கிடைக்கல. உன் வெங்காய நாத்துல கொஞ்சம் குடுண்ணே."

"அப்போ என் வெங்காயம் வேர்வை சிந்துது, உன் தக்காளி அதுல குளிர் காயுது. அப்படித்தானே?"

"வேர்வை இல்லண்ணே, வேர்ச்சாறு."

"ரெண்டும் என்னோடதுதான்டா."

பெரிய அண்ணி உள்ளேயிருந்து, "ஒரு கட்டு குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றார்.

"கொழுந்தனுக்கு வக்காலத்தா? அடுப்பைப் பாரு."

மறுநாள் பெரியண்ணன் வெங்காயத்தை ஒன்று விடாமல் பிடுங்கி சிமெண்ட் முற்றத்தில் வெயிலில் கொட்டினார். அந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டித் தார்ப்பாய் விரித்தார். மண்ணில் மிச்சமிருக்கும் சாறு ஒரு சொட்டுக்கூடத் தம்பி பக்கம் போகக்கூடாதாம்.

"ஓரத்தையும் தைச்சிடுங்கண்ணே, சாறு எகிறிக் குதிச்சிடப்போகுது" என்றேன்.

கோணி ஊசி வாங்கிவரச் சொல்லி, உட்கார்ந்து தைத்தார்.

பிறகு மழை. சின்னண்ணன் பக்கத்து நோய்மண் கரைந்து கால்வாயில் இறங்கியது. பெரியண்ணன் நிலம் ஒரு சாண் பள்ளம். கால்வாய் நிறைந்து அங்கேதான் வழிந்தது. சின்னண்ணனுக்கு வரப்போரம் மிஞ்சி நின்ற இரண்டு வரிசை முதலில் சாய்ந்தது. அடுத்து பெரியண்ணன் தக்காளி மொத்தமும் தலையைத் தொங்கப்போட்டது.

டாக்டரம்மாவை மறுபடி கூப்பிட்டார்கள்.

"பாத்தீங்களா, அவன் சீக்கை எனக்கு அனுப்பிட்டான்!" என்றார் பெரியண்ணன்.

"அவர் அனுப்பலைங்க. நீங்கதான் வழி வெட்டி, பாய் விரிச்சு உக்கார வச்சிருக்கீங்க. அந்த வெங்காயம் உங்க செடியையும் சேர்த்துத்தான் காத்துட்டிருந்தது."

"இப்ப என்ன மருந்து?"

"நான் பாக்குறது மண்ணை. உங்களுக்கு வேற டாக்டர்."

சின்னண்ணன் நகரத்துக்குக் கிளம்பினார். வழியனுப்பப் பெரியண்ணன் வரவில்லை. செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் சின்ன அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு கட்டுதானே தம்பி கேட்டோம்?"

பேருந்து போய்விட்டது.

நாக்கு இன்னும் வேகவில்லை, பார்த்தீர்களா? என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.