சாரியெம்மின் பத்துக் கிலோ

சாரியெம் அக்கா ஊர் அலுவலகத்தில் என் மேசைக்கு வந்து, ஏழைகள் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

"எடுத்தா மாசம் பத்துக் கிலோ போயிடும்க்கா."

"போகட்டும் தம்பி."

மானிய அரிசி எங்கள் ஊரில் நாற்பத்தொரு வீட்டுக்கு வரும். அதை நூற்று முப்பது வீட்டுக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் வழக்கம். வீட்டுக்கு மூன்று கிலோ. நான் ஜோக்ஜா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவன். இல்லாதவர் பங்கை இருப்பவர் தின்பது அநியாயம் என்று மாவட்டத்துக்கு எழுதினேன். ஜனவரியிலிருந்து பட்டியலில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான், வீட்டுக்குப் பத்துக் கிலோ. அந்தக் கடிதத்தில் இன்றும் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. என் மனைவி ரெத்னோ அதைப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்த நாப்பத்தொரு வீடும் நாளைக்கு இதே தெருவுலதான் இருக்கணும்" என்றாள். மார்ச்சில் டெங்குவில் இறந்துபோனாள்.

போன வாரக் காற்றில் சாரியெம் வீட்டுக் கூரை பறந்துவிட்டது. எங்கள் ஊரில் கூரை தூக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சத்தம் கேட்டாலே மூங்கிலோடு வந்துவிடுவார்கள். இந்த முறை யாரும் வரவில்லை. அவள் கணவன் பக்கவாதத்தில் கிடக்கிறான். கட்டிலுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறாள்.

"போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'பத்துக் கிலோ திங்கிற உடம்பு, நீயே தூக்கு'ன்னான் கர்யோ."

அடுத்த மேசையில் ஊர்த் தலைவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். "என்ன பொருளாதாரம், இதுக்கு உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

ரெத்னோவுக்குக் குழி வெட்டியவன் கர்யோ. அவன் வீட்டு மூன்று கிலோவை நிறுத்தியவன் நான்.

"ரெத்னோ சாவுக்கு எல்லாரும் வந்தாங்களேக்கா."

"நீ அரிசி வாங்கலையே தம்பி." அவள் குரலில் கோபம் இல்லை.

படிவத்தை எடுத்தேன். பெயரை நீக்கக் காரணங்கள் மூன்றுதான்: இறப்பு, ஊர் மாற்றம், வறுமை நீங்கியது. வாசித்துக் காட்டினேன்.

"மூணாவதைப் போடு."

"அது பொய்க்கா."

"கூரை போட்டப்பறம் அழிச்சுக்கலாம்."

"அழிக்க முடியாது. அடுத்த கணக்கெடுப்பு மூணு வருஷம் கழிச்சுத்தான்."

சாரியெம் வெளியே போனாள். அன்று காலைதான் இந்த மாத மூட்டைகள் இறங்கியிருந்தன. தன் மூட்டையை இழுத்துவந்து தெருவோரத்தில் பிரித்தாள். போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சந்தைக்குப் போகிற பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கர்யோவின் மனைவி மட்டும் நின்று தன் தோள்துண்டை விரித்துப் பிடித்தாள். சாரியெம் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

"போதும், போதும்" என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

படிவம் மேசையில் வெறுமையாக இருந்தது. தூறல் விழத் தொடங்கியது. சாரியெம் மூட்டையின் வாயைக் கட்டவில்லை. அதன்மேல் குனிந்து, தன் முதுகால் அரிசியை மறைத்தபடி, ஊரார் கூரைக்கு மூங்கில் வெட்டுகிற தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.