கடைசி அசை

மூன்றாவது தடவையும் கடைசி அசைக்கான பொத்தானைத்தான் அழுத்தினேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சூப்பர்வைசர் தலையைத் தூக்கிப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெட்போனில் எண் போட்ட குரல்களில் வரும் இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டு, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. இதற்கு இரண்டு வகைக் காது தேவையாம். பக்கத்து நாற்காலிக்காரி இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆபீஸில் அவளுக்குப் பெயர் பிறவிக் காது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நான் படித்த காது. அழுத்தமில்லாத அசைகளைப் பிறவிக்காரர்கள் பாதி விழுங்கிவிடுவார்கள். விழுங்காமல் மிஞ்சுவது எது என்று அவள் கேட்பாள். ஓங்கி ஒலிப்பது எது என்று நான் கேட்பேன். பாதிக்குப் பாதி ஒத்துப்போகாது. அதற்குத்தானே சம்பளம்!

ஆனால் பதினான்காம் குரலில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. என் தம்பி இப்படித்தான் பேசுவான். இண்டர்வியூவுக்கென்று சமையலறையில் நின்று உரக்கப் படிக்கும்போது, எந்த வார்த்தையானாலும் கடைசி அசையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். "அது என்னடா பாவம் பண்ணுச்சு, இந்த மிதி மிதிக்கிற?" என்பேன். என்னைக் கூப்பிடுவதும் அப்படியே: "அக்காஆ!" அவன் செத்துப் பதினோரு மாதம். அவன் குரலை எதிலாவது பிடித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, பாவி எனக்கு. ஒரு வாரமாக இந்தக் குரலுக்காகவே வேலைக்கு ஓடி வருகிறேன்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "பதினாலாம் நம்பர் மனுஷக் குரலே இல்லம்மா. நீங்க கவனமா கேக்குறீங்களான்னு பாக்க மெஷின்ல செஞ்சது. எல்லா அசையும் சமம்." திரையில் அசைக்கு ஒன்றாக நான்கு கோடுகள், ஸ்கேல் வைத்து நறுக்கினாற்போல. "'எதிலும் இல்லை'தான் சரியான பதில். இன்னொரு தடவை தப்புப் பண்ணினா வேலைய விட்டு எடுத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். "தட்டையாத்தான் இருக்கு, அக்கா," என்றாள். பிறகு காதைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா முடியுற இடத்துல யாரோ மூச்சு விடுற மாதிரி... ஏ.சி.யா இருக்கும்."

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன். வார்த்தை வந்தது. கடைசி அசையில் அதே மிதி. அவனேதான், சத்தியமாக அவனேதான். "மன்னிச்சுக்கடா," என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, 'எதிலும் இல்லை' பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அடுத்த வார்த்தை மூன்று அசையோடு நின்றுவிட்டது. திரையில் நான்கு கோடுகளும் இருந்தன. திரும்ப ஓட்டினேன். மூன்றுதான். வேறொரு குரலை ஓட்டினேன். அதிலும் கடைசி அசை இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்து நாற்காலிக்காரி என் முகத்தைப் பார்த்துப் பதறி, என் பக்கம் குனிந்தாள். அவள் உதடுகள் 'அக்கா' என்று முழுதாகத் திறந்து மூடின.

என் காதில் விழுந்தது 'அக்' மட்டும்.