எண்ணை மட்டும் மாற்றினால் போதும்

வரைபடம் போடும் மூன்று மென்பொருள்களை ஒரே சமயத்தில் கம்ப்யூட்டரில் திறந்துவைத்துக்கொண்டு அன்று நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முதலாவது பெரிய கம்பெனிகள் வைத்திருப்பது. வருஷாவருஷம் அதற்குக் கட்டும் வாடகைக்கு நாங்கள் இன்னொரு ஆளையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது இலவசம்தான், ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படுத்தி வக்கீல் நோட்டீஸ் வாங்கியவர்கள் பட்டறைகள் நிறைந்த எங்கள் சென்காங் தெருவிலேயே இருக்கிறார்கள். மூன்றாவதற்கு ஒரே தடவை பணம். கோடு போடும், கோட்டைப் பிடித்து இழுத்தால் முழு உருவமாக எழுந்து நிற்கும். எங்கள் பட்டறைக்கு அதற்கு மேல் என்ன வேண்டிக்கிடக்கிறது? என் கணவர் சின்ஃபா பின்னால் நின்று பாக்கு மென்றுகொண்டே, மலிவாக வருவது எதுவும் உருப்படாது என்றார். அவர் வாயில் நல்ல வார்த்தை என்றைக்கு வந்தது? நான் மூன்றாவதையே வாங்கினேன்.

மடக்கு சைக்கிளுக்குக் கீல் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. வாங்குகிற கம்பெனியும் ஒன்றே ஒன்று. அங்கே சரக்கு வாங்கும் லியாவ், இந்தத் தடவை ஆர்டர் பெரிசு, கையால் ஓட்டும் மெஷினில் வெட்டிக் கட்டுப்படியாகாது, அடுத்த தெரு தானியங்கி மெஷினில் கொடுத்து வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் காகித வரைபடத்தைச் சீந்தாது. அதற்கு முழு உருவமாக, மாடலாக வேண்டும். சின்ஃபா கம்ப்யூட்டரில் போட்டுவைத்திருந்த பழைய வரைபடத்தைப் புது மென்பொருளில் ஏற்றி, கோடுகளை இழுத்துக் கீலை எழுப்பினேன். ஐம்பது வயதில் இதைக் கற்றுக்கொண்டேனே என்று எனக்கே பெருமையாக இருந்தது. சரக்கு அங்கிருந்து நேராக லியாவிடம் போயிற்று.

பிறகு அவர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"முதலாளியம்மா, ஒண்ணுகூட மாட்ட மாட்டேங்குது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் குறையுது. எல்லாத்தையும் திருப்பி அனுப்புறேன். அடுத்த ஆர்டரை வேற எடத்துல கொடுத்துட்டோம், தப்பா நெனைக்காதீங்க."

சின்ஃபா ஆடித் தீர்த்துவிட்டார். மலிவுச் சரக்கு குடியைக் கெடுத்துவிட்டதாம். விலை கூடியதை வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றார். நான் வரைபடத்தைத் திறந்தேன். ஓட்டைகளுக்கு நடுவே நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. கோட்டை அளந்தேன். நாற்பது.

அப்போதுதான் புரிந்தது. எந்தக் காலத்திலோ கம்பெனி இரண்டு மில்லி கூட்டச் சொல்லியிருக்கிறது. இவர் கோட்டை நீட்டவில்லை. மேலே இருந்த எண்ணை அழித்துப் புது எண்ணை அடித்திருக்கிறார். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். மெஷினில் நிற்கிற ஆள் எண்ணைப் பார்த்து வெட்டுகிறான், கோட்டையா அளக்கிறான்? ஆனால் மாடல் கோட்டிலிருந்து எழும்புகிறது. எண்ணை அது ஏறிட்டும் பார்ப்பதில்லை. மென்பொருள் ஒரு தப்பும் செய்யவில்லை. அடுத்த வரைபடத்தைத் திறந்தேன். அதிலும் கோடு ஒரு அளவு, எண் வேறு அளவு. அதற்கடுத்ததும் அப்படியே. இருபது வருஷ வேலை முழுக்க இப்படித்தான் கிடந்தது. இதை வைத்துக்கொண்டு புதிதாக எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் கடன் வாங்கியாவது அந்த விலை கூடியதை வாங்குவார். அதுவும் இதே கோட்டைத்தான் எழுப்பும்.

"ஏங்க, இங்க வாங்க."

அவர் எதிரிலேயே கோட்டை அளந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"எண்ணு சரியாத்தானே போட்டிருக்கேன்?"

"எண்ணு சரிதாங்க. கோடுதான் நாப்பதுல நிக்குது."

கோட்டையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தோளைத் தொடலாமா என்று யோசித்தேன், தைரியம் வரவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். கோட்டைத் தொடாமல் நாற்பத்திரண்டை அழித்தார். ஒரு விரலால் நாலைத் தேடித் தட்டினார், பிறகு சைபரை.

"இப்போ ரெண்டும் ஒண்ணாயிடுச்சில்ல," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "அடுத்ததைத் தொற."