நிலாக் கப்பல் படம்

நிலாவுக்குக் கப்பல் விடும் கதையில் பன்னிரண்டு பாகம் வாசித்து முடித்திருந்தோம். கடைசிப் பாகம் வரவேண்டிய மாதத்தில் மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்துவிட்டான். மதராசிலிருந்து கப்பலும் இல்லை, புத்தகமும் இல்லை. கதையில் போனவர்கள் ஒன்றரை வருடமாக நிலாவிலேயே நிற்கிறார்கள். எரிச்சல் வருமா, வராதா?

அந்தக் கதையைப் படமாக எடுப்பதாகப் பன்னிரண்டாம் பாகத்தின் பின்னட்டையில் போட்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கும் என் வீட்டுக்காரர் அர்ச்சுனனுக்கும் தகராறுதான். அவர் வாசிப்பார், நான் கேட்பேன். ஆனால் கதை என்னுடையது என்று எனக்கு நினைப்பு. படத்தில் கதாநாயகி நிலாவில் நின்று பாடுவாள் என்றார். காற்றே இல்லாத இடத்தில் எப்படிப் பாடுவாள் என்றேன். பாட்டு இல்லாவிட்டால் சிரம்பான் கொட்டகையில் ஒருவனும் உட்காரமாட்டான் என்றார். கதையைக் குட்டிச்சுவராக்கினாலும் சரி, முடிவை மட்டும் காட்டித் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு எங்கள் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அர்ச்சுனன் ஆற்றோரத்து மரவள்ளிக் காட்டில் பதுங்கினார். சோறு கொண்டுபோனால், படம் பற்றி ஏதாவது தெரிந்ததா என்றுதான் முதலில் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி லயத்து வீடுகளுக்கு வந்து, மத்தியானம் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் இலவசப் படம் என்றார். என்ன படம் என்று கேட்டேன். ஆகாயத்தில் பறக்கிற படமாம், ஆபீசில் சொன்னார்களாம். எனக்கு வேறென்ன தோன்றும்? காட்டுக்கு ஓடினேன்.

அர்ச்சுனன் தயங்கினார். "அவன் சும்மா படம் காட்டுவானா? பஞ்சாலை, யோசிச்சுப் பாரு புள்ள."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்றரை வருசமா முடிவு தெரியாம மண்டை காயுது. இன்னிக்கி விட்டா எப்பங்க பாக்கறது? தோட்டமே வருது, ஒன்னும் ஆகாது லா."

சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ரப்பர் சீட்டுகளை அகற்றி, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, கோயிலில் உட்காருவதுபோல் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தோம். படத்துக்கு இருட்டு வேண்டுமே என்று கதவுகளைச் சாத்தினார்கள். வெளிச்சம் வந்த ஒரு சந்தில் நானே சாக்கை எடுத்துச் சொருகினேன்.

துணியில் ஜப்பான் விமானங்கள் பறந்து குண்டு போட்டன. கப்பலும் இல்லை, நிலாவும் இல்லை. இதற்காகவா இவரை இழுத்து வந்தேன் என்று பற்றிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆண்கள் பக்கத்துக் கதவு மட்டும் திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு லாரிகள். துப்பாக்கிக்காரர்களுக்குத் தேடிப் பிரிக்கிற வேலையே இருக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து எழுப்பி லாரியில் ஏற்றினார்கள். வெளியே பூட்டியிருந்த எங்கள் பக்கத்துக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. பின்னால் படம் ஓடிக்கொண்டேயிருந்தது.

கதவைத் திறந்துவிட்டபோது லாரிகள் போய்விட்டிருந்தன. பக்கத்து வீட்டுத் தாயம்மாளின் கணவர் மணியமும் போய்விட்டார். அவள் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஒம் புருசன்தான் காட்டுல இருந்தாரே, பஞ்சாலை. அவர யாரு கூட்டியாந்தா?"

"நாந்தான் அக்கா," என்றேன். "வரமாட்டேன்னுதான் சொன்னாரு."