நெவில் தேடிய வெயில்

ஜனவரி பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் கடல்காற்று எலும்புக்குள் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு நாளில்தான், தெல்மா வேலை பார்க்கும் சுற்றுலா ஏஜென்சியின் கதவைத் தள்ளிக்கொண்டு அவளுடைய முன்னாள் கணவன் நெவில் வந்தான். கூடவே அவனுடைய புது மனைவி கெயில். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை அந்த மனிதனுக்கு.

"என்ன தெல்மா, சௌக்கியமா? கல்யாணத்துக்கப்புறம் நாங்க எங்கயும் போகல. அடுத்த மாசம் எங்கயாவது போய் வெயில் காயணும். உனக்குத்தான் ஊழியர் தள்ளுபடி உண்டே, அதுல போட்டுடு" என்றான்.

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நெவில் அந்தக் காக்காவிடமே சோறு கேட்பவன். இருபது வருடம் தெல்மா அவனோடு குடித்தனம் நடத்தினாள். வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று சுவரில் உண்டு. அதன்மேல் இரும்புப் பெட்டியைப் பதித்துப் பூட்டுப் போட்டிருந்தான் நெவில். சாவி எப்போதும் அவன் இடுப்பில். சமையலறையில் அவளுடைய மூச்சு புகையாக வரும். விரல்கள் சிவந்து வீங்கி வெடிக்கும். அவன் மட்டும் ராத்திரியில் மின்சாரக் கம்பளிக்கு அடியில் சுகமாகக் கிடப்பான். அதுவும் ஒரு ஆளுக்கு மட்டுமே போதுகிற கம்பளி.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. பெட்டியைத் திறக்கச்சொல்லிக் கெஞ்சினாள். நெவில் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னொரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கோ, தெல்மா" என்றான். விவாகரத்தில் வீடு கைவிட்டுப் போனதைக்கூட அவள் ஒருமாதிரி செரித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இவனை ஒரு ராத்திரியாவது பல் தந்தியடிக்க வைக்கவேண்டும் என்று வருடக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தாள். இதோ, ஆடு தன் காலாலேயே நடந்து கசாப்புக்கடைக்கு வந்துவிட்டது.

அவள் கிழக்கு என்றால் அவன் மேற்கே போவான், அது அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது, உண்மையை மட்டுமே சொல்லவேண்டும் என்று அந்த நிமிடமே முடிவுசெய்துகொண்டாள்.

"பிப்ரவரியில நிஜமான வெயில் வேணும்னா தெனெரிஃப் தீவுக்குப் போ நெவில். அதுலயும் தெற்குப் பக்கம். வடக்குல மேகம் மலையில முட்டிக்கிட்டு நிக்கும். சைப்ரஸ்ல மழை. மால்டாவுல காத்து ஆளையே தள்ளும். மலாகா மத்தியானம் சொர்க்கம், ஆனா சூரியன் சாஞ்சதும் கம்பளிக் கோட்டு தேடணும்."

நெவில் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தின்மேல் விரலை வைத்தான். "இந்தா, போர்ச்சுகல். குன்று மேல கல் வீடு. விலை தெனெரிஃப்ல கேக்குறதுல பாதிகூட இல்ல. மத்தியானம் பதினாறு டிகிரின்னு அச்சுல போட்டிருக்கானே, நம்ம ஊர்ல அது கோடை வெயிலாச்சே!"

"அங்க மட்டும் வேண்டாம். அந்தப் பதினாறு வெளியில. அந்த ஊர்க்காரங்க கோடைக்குப் பயந்து வீடு கட்டினவங்க. சுவர் கல்லு, தரை பூரா ஓடு. பிப்ரவரியில வீட்டுக்குள்ள வெளியைவிடக் குளிரும்."

நெவில் கடை அதிரச் சிரித்தான். வெளியே குளிர், உள்ளே சூடு என்றே பிறந்து வளர்ந்த குளிர்தேசத்து ஆட்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். போய் அனுபவித்தால்தான் புத்தி வரும்.

"கேட்டியா கெயில்? வீட்டுக்குள்ள வெளியைவிடக் குளிருமாம்! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது. காசு கூடின இடத்துல நம்மளைத் தள்ளிவிட்டாத்தான இவளுக்குக் கமிஷன்?"

"அவங்க இவ்வளவு சொல்றாங்களே, கேட்டாத்தான் என்ன..." என்று கெயில் இழுத்தாள்.

"நீ சும்மா இரு."

கெயில் புத்தகத்தை மூடினாள். அப்போது தெல்மா அவளுடைய விரல்களைப் பார்த்தாள். சிவந்து, வீங்கி, கணுக்களில் வெடித்திருந்தன. பார்த்தாள், பார்த்தும் பார்க்காததுபோல் கல் வீட்டைப் பதிவுசெய்ய ஆரம்பித்தாள்.

அவர்கள் போயிருந்த நாட்களில் தெல்மாவுக்கு நல்ல பசி. காலையில் செய்தித்தாள் வந்ததும் வானிலைப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பாள். போர்ச்சுகல்லில் மழை என்று போட்டிருந்தால் அன்றைக்கு மதியம் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் இரண்டு பங்கு ருசித்தன. ஈரச் சுவர், சில்லிட்ட தரை, அதன்மேல் வெறுங்காலோடு நெவில். நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

திரும்பி வந்த பிறகு கெயில் மட்டும் தனியாக ஏஜென்சிக்கு வந்தாள். கையில் பெரிய பை, ஓயாத இருமல். கோட்டைக் கழற்றாமல் நேரே ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் போய் ஒட்டிக்கொண்டாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதான். வாசல்ல எலுமிச்சம்பழம் காய்ச்சுத் தொங்குது, உள்ள மூச்சு புகையா வருது. மொத்த வீட்டுக்கும் ஒரு சின்ன கேஸ் ஹீட்டர். அதை அவன் தன் கட்டில் பக்கம் இழுத்துக்கிட்டான். கேஸ் தீர்ந்ததும் வேற வாங்க மனசு வரல, அவனுக்கும் சளி புடிச்சுது. அதுக்கு முன்னாடியே நான் ராத்திரி பூரா இருமுறேன், ஹீட்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுன்னு கேட்டேன். அதுக்கு அவன், இன்னொரு ஸ்வெட்டரை..."

"எடுத்துப் போட்டுக்கோன்னான்" என்று தெல்மா முடித்தாள்.

அவளுக்குத் தலை குனிந்தது. நெவிலுக்கென்று வடித்த கஞ்சியை முதலில் குடித்தவள் இந்தப் பெண். அதில் பாதியை இவளுக்கு ஊற்றியது தன் கைதான் என்று நினைக்கும்போது வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கே உன் விரலைப் பார்த்தேன், கண்ணு. அவன் மேல இருந்த வெறியில உன்னையும் சேர்த்து அனுப்பிட்டேன்."

"நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க. உங்க பேச்சைக் கேட்காதவனைக் கட்டிக்கிட்டது நான்." கெயில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வீட்டுல சுருண்டு படுத்துக்கிடக்கான். உங்ககிட்ட சண்டை போட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிட்டு வான்னு என்னை அனுப்பியிருக்கான்."

சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்தச் சின்னச் சாவி. தெல்மாவுக்கு அதன் ஒவ்வொரு பல்லும் அடையாளம் தெரிந்தது.

"அவன் தூங்கும்போது திருகை அடிமட்டத்துக்கு இறக்கிட்டேன். பெட்டியைப் பூட்டிட்டேன்."

"அடிப்பாவி! ஆனா அந்த மின்சாரக் கம்பளி இருக்குமே?"

கெயில் காலடியில் இருந்த பெரிய பையைத் திறந்து காட்டினாள். உள்ளே கம்பளி சுருட்டி வைத்திருந்தது. தெல்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூட்டை உடைக்க மாட்டானா?"

"ஆளைக் கூப்பிட்டா கூலி கொடுக்கணுமே. தானே உடைச்சா பூட்டுக் காசு போச்சேன்னு துக்கம். சாவியைத் தேடிக்கிட்டேதான் கிடப்பான்." அவள் சிரிக்கப் போய் இருமினாள். "எனக்கு ஒரே ஒரு டிக்கெட் போடுங்க. தெனெரிஃப். தெற்குப் பக்கம்."

தெல்மா விளம்பரப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கடலைப் பார்த்த அறை, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் விழும் பால்கனி என்று தேடித் தேடிப் பதிவுசெய்தாள். நெவில் கேட்ட அந்த ஊழியர் தள்ளுபடியைக் கெயிலுக்குப் போட்டாள்.

டிக்கெட்டை உறையில் போடும்போது தொலைபேசி அடித்தது.

"தெல்மா? கெயில் அங்க இருக்காளா? சாவியைக் காணோம். வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு, உடம்பு உதறுது..."

ரிசீவர் வழியாக அவனுடைய பற்கள் தடதடவென்று அடித்துக்கொள்வது தெளிவாகக் கேட்டது. தெல்மா அவசரப்படவில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்த சத்தம் அது. ஆசை தீரக் கேட்டாள். கெயிலும் காது கொடுக்கட்டும் என்று ரிசீவரைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். பிறகு சாவியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"இன்னொரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கோ, நெவில்."