பலகைக்கு அடியில் ஓர் ஆம்ப்

ஜான்சனின் பாஸ் கிட்டாரிலிருந்து வரும் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் இரண்டாகப் பிரியும். ஒன்று மேடையோரம் நிற்கும் ஆம்ப் என்ற பெரிய ஒலிபெருக்கிக்கு, அது சபைக்கு. மற்றது, பாடகர் குழு ஏறி நிற்கும் மரப்பலகைக்கு அடியில் கிடக்கும் பழைய ஆம்ப்புக்கு. அது அவன் மனைவி சாராளுக்கு.

"ஒரு கிட்டாருக்கு ரெண்டு ஆம்ப்பா? அண்ணாத்த, உனக்கே இது ஓவரா தெரியல?" என்று டிரம்ஸ் அடிக்கும் சாம் வாராவாரம் கேட்பான்.

"ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு வூட்டுக்கு. உனக்கு இன்னாடா?" என்பான் ஜான்சன்.

சாராளுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. கருங்குழி ஆலயத்தின் தகரக்கூரைக்குக் கீழே டிரம்ஸும் கீபோர்டும் ஒன்றோடொன்று மோதி அவளுக்கு வெறும் இரைச்சலாகத்தான் வரும். ஆனால் செருப்பை வாசலில் விட்டு, வெறுங்காலோடு பலகையில் ஏறிவிட்டால் பாஸின் ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் வந்து தட்டும். அதைப் பிடித்துக்கொண்டே பாடிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

சனிக்கிழமைகளில் ஜான்சன் மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வாசித்துவிட்டு பைக்கில் திரும்புவான். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு லாரி. கிட்டாரில் ஒரே ஒரு கீறல். அதன்பிறகு சாராள் வாராவாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட வாயைத் திறக்காமல், ஆராதனை முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

நாளை அவனுக்கு வருஷ நினைவு ஆராதனை. அவனுக்குப் பிடித்த பாமாலையை அவளே பாடுவதாக சபை போதகரான ஐயரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அதையும் செய்யாவிட்டால் அவனுக்காக அவள் செய்ய வேறொன்றுமில்லை. பொத்தேரியில் கல்லூரி விழாக்களுக்கு மைக்செட் பார்க்கும் அவன் தம்பி ஹேமந்த், அண்ணனின் கிட்டாரோடு ஒத்திகைக்கு வந்திருந்தான்.

பெரிய ஆம்ப்பில் மட்டும் வாசித்தான். பலகையில் வெறுங்காலோடு நின்ற சாராள் முதல் வரியிலேயே தப்பான இடத்தில் நுழைந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. சாம் குச்சியை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி, கீழ கீற ஆம்ப்பையும் போடு. உங்க அண்ணன் போடுவாரே, அது மாதிரி" என்றாள் சாராள்.

"அதுவா? எலி கடிச்சிருக்கும்னு நெனச்சேன் அண்ணி" என்று பலகைக்கு அடியில் புகுந்து, ஒட்டடையோடு வெளியே வந்தான் ஹேமந்த். இரண்டையும் இணைத்து மறுபடி வாசித்தான். உள்ளங்காலில் அடி சரியாக விழுந்தது. நுழைய வேண்டிய இடமும் தெரிந்தது. ஆனால் சாராள் நுழையாமல் குனிந்து காலடிப் பலகையைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி?"

ஏதோ குறைந்தது. எது என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஹேமந்த் கம்பியிலிருந்து கையை எடுத்ததும் பலகை செத்த மரமாக ஆனது. அப்போதுதான் புரிந்தது.

"பிளக்கு எங்க சொருவின?"

"ரெண்டு ஆம்ப்பையும் ஒரே கரண்ட் பாக்ஸ்ல. அண்ணன் கீழ கீறத செவுத்துல தனியா சொருவி வெச்சிருந்தாரு. அப்டி சொருவுனா சும்மாவே உறுமிகினு கெடக்கும். நான் சரி பண்ட்டேன்."

"உறுமட்டும். செவுத்துலயே சொருவு."

ஹேமந்த் சாமைப் பார்த்தான். "அண்ணி சொல்றாங்க இல்ல, சொருவுடா" என்றான் சாம்.

பிளக் சுவருக்குப் போனதும் உறுமல் எழுந்தது. மற்றவர்களுக்கு அது லேசான இரைச்சல். சாராளுக்கு உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியது. ஜான்சன் இருந்த நாளில் பாட்டுக்கு முன்னாலும், இரண்டு சரணங்களுக்கு நடுவில் அவன் விரல் ஓய்ந்திருக்கும்போதும் இந்த உறுமல் இருந்துகொண்டே இருக்கும். திரும்பிப் பார்க்காமலே அவன் பின்னால் நிற்பது தெரியும்.

பாடினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் கடைசிச் சரணம் வரை பாடிவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் ஹேமந்த் குனிந்து பழைய ஆம்ப்பின் சுவிட்சில் கை வைத்தான்.

"தம்பி, அணைக்காத. உங்க அண்ணன் நான் எறங்குனதுக்கு அப்பறந்தான் ஆஃப் பண்ணுவாரு."

"சரி அண்ணி. எறங்குங்க."

சாம் குச்சிகளை உறையில் போட்டு எழுந்து வாசலுக்குப் போனான். ஹேமந்த் சுவிட்சில் கை வைத்தபடியே தரையில் உட்கார்ந்தான். சாராள் பலகையை விட்டு இறங்கவில்லை.